ஏச வந்த மச்சான்

அரிசியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள் சோபனா. விட்ட கையோடு விரல்கள் விரிந்துகொண்டன. வாய்க்கரிசி மறுபடியும் கம்பளத்தில் கொட்டியது. இது மூன்றாவது தடவை.

"பதினொன்றரைக்குப் பெட்டி மூட வேணும் பிள்ளை," என்றார் வரதராஜன். தமிழ்ச் சங்கத்துச் செயலாளர். கலியாணமோ செத்தவீடோ, ஒக்லண்டில் எதுவும் அவருடைய கைக்கடிகாரத்தின்படிதான் நடக்கும். "அடுத்த செத்தவீட்டு ஆக்கள் வெளியில வந்து நிக்கினம். அம்மாவை ஒருக்கா முகத்தைப் பாக்கச் சொல்லுமன்."

அம்மா குணவதி அசையவில்லை. அப்பாவின் பெட்டி இருக்கிற பக்கம் திரும்பவுமில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு சொல் கதைக்கவில்லை, ஒரு சொட்டு அழவுமில்லை. அதிர்ச்சி என்று எல்லோரும் சொன்னார்கள். ஏன் என்று சோபனாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் அன்று காலையில் குசினிக் கதவடியில் நின்றிருந்தாள்.

நியூசிலாந்தில் ஆசிரியராகப் பதியும் படிவத்தை அப்பா அந்த முறையும் தபாலில் போட மறந்திருந்தார். சாம்பியாவில் பதினொரு வருஷம் புவியியல் படிப்பித்த செல்வரத்தினம் மாஸ்டர், ஒடாஹுஹுவில் ஒரு பாக்டரியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா வெடித்துவிட்டாள். "உங்களால ஆருக்கு என்ன பிரயோசனம்?" அப்பா சப்பாத்தை மாட்டிக்கொண்டு வழக்கம்போல "போயிட்டு வாறன்" என்றார். அம்மா சொன்னாள், "போய்த் துலையுங்கோ."

நாற்பது நிமிஷத்தில் பஸ் ஸ்டொப்பில் விழுந்தவர் பிறகு எழும்பவேயில்லை.

இப்போது முகத்தைப் பார்க்காவிட்டால் அம்மா மிச்சக் காலமெல்லாம் இப்படியே இருந்துவிடுவாளோ என்று சோபனாவுக்குப் பயமாக இருந்தது. வந்தவர்கள் வேறு சும்மா இருந்தார்களா? "தங்கமான மனுசன். அந்த வீட்டில ஒரு சத்தம் கேட்டிருக்குமே?" என்று ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாவின் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

அந்த நேரம் மண்டபக் கதவு படாரென்று திறந்தது.

உள்ளே வந்தவர் பெரிய ஆள். நரைத்த சுருட்டை முடி, பொத்தான் பூட்ட ஏலாத கறுப்புக் கோட்டு. தேவாரம் படித்துக்கொண்டிருந்தவர்களைப் பிளந்துகொண்டு நேரே பெட்டியடிக்குப் போனார். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, பெரிதாகச் சிரித்தார்.

"எங்க அந்த எலி தின்னி? ஓ, இங்கயா படுத்திருக்கிறாய்? எழும்படா சோம்பேறி!"

ஆங்கிலத்தில்தான் கத்தினார். சோபனாவின் காதில் அது தமிழாகவே விழுந்தது. தேவாரம் பாதி அடியில் நின்றது. முன்வரிசையில் ஒரு மனுசி "ஐயோ கடவுளே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இவரை வரச்சொன்னதே அவள்தான். அப்பாவின் டயரியில் இருந்த முவான்சா, ஹாமில்டன் என்ற நம்பருக்கு நேற்று அடித்திருந்தாள். செய்தியைக் கேட்டவர், "ஆராவது அவனை ஏசிவிட்டார்களா?" என்று கேட்டார். தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"எட்டு நாட்டுக்கு நடுவில கிடக்கிற ஊர் எங்கட ஊர். கடலையே கண்டதில்லை," என்று முவான்சா சனத்தைப் பார்த்துச் சொன்னார். "அங்க வந்து இந்தப் பொய்யன் எங்கட பிள்ளைகளுக்குக் கடல் படிப்பிச்சான்! தண்ணி ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறி இறங்குமாம். நான் பங்வேலு ஏரிக்கரையில போய் ஒரு பகல் முழுக்க இருந்து பாத்தன். ஒரு விரலளவும் ஏறேல்ல. நுளம்புதான் கடிச்சது."

"உவர் ஆர்? குடிச்சுப்போட்டு வந்திட்டாரோ?" வரதராஜனின் குரல் கீச்சிட்டது. "பிடியுங்கோ! வெளியில விடுங்கோ! பொலிசுக்கு அடியுங்கோ!"

இரண்டு பேர் முவான்சாவின் தோளைப் பிடித்தார்கள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னார்.

"சரி, போ. போய்த் துலை. உன்னால ஆருக்கு என்ன பிரயோசனம்?"

அந்த வார்த்தை இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வெளியில் யாரும் கேட்காத வார்த்தை. அம்மா இப்போது என்ன ஆவாளோ என்று சோபனா பதறித் திரும்பினாள்.

அம்மா தலையை நிமிர்த்தி முவான்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கோணியது. பிறகு, சாம்பியாவில் காசாமாச் சந்தையில் கருவாட்டுக்குப் பேரம் பேசிப் பழகிய அந்த ஊர்ப் பாஷையில், தெளிவாக ஒரு சொல் சொன்னாள்.

முவான்சா அப்படியே முழங்காலில் இருந்தார். பெரியவர்களுக்கு மரியாதை செய்வதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து, சத்தம் அதிகம் வராமல் தட்டினார்.

"அம்மா, என்ன சொன்னனீங்கள்?"

"குரங்கு தின்னி எண்டனான்." இரண்டு நாளாகக் கதைக்காத தொண்டை கரகரத்தது. "வரதராஜன், அவரை விடுங்கோ. அது அவற்ற முறை."

"என்ன முறை அக்கா? செத்தவீட்டில வந்து பிணத்தை ஏசுறது ஒரு முறையோ?"

"ஓம். சாம்பியாவில பெம்பா ஆக்களும் ங்கோனி ஆக்களும் ஒரு காலத்தில சண்டை பிடிச்சவை. பிறகு மச்சான் முறை ஆகிட்டினம். எலி தின்னி, குரங்கு தின்னி எண்டு என்னத்தைச் சொல்லி ஏசினாலும் கோவிக்கப்படாது. ஒராள் செத்தால் மற்றாள் வந்து, போய்த் துலை எண்டு ஏசி அனுப்பவேணும்." அம்மா மூச்சு வாங்கினாள். "இவர் முதல் படிப்பிச்சது சிப்பாட்டாவில, ங்கோனி ஊர். அங்கயிருந்து காசாமாவுக்கு மாறிப் போன அண்டைக்கே, நீ ங்கோனிதான், எலி தின்னிதான் எண்டு சொல்லி இந்தப் பெம்பா எங்கட இவரை மச்சான் ஆக்கிப்போட்டார்."

சோபனாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிவப்புப் புழுதி, கரியடுப்பில் களி கிண்டும் மணம், வேலிக்கு இந்தப் பக்கம் அப்பாவும் அந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதருமாக நின்று பின்னேரத்தில் கத்திக்கொள்வது. சண்டையென்று பயந்து அவள் அழுதிருக்கிறாள். அப்பா தூக்கி வைத்துக்கொண்டு, "மச்சானை ஏசாமல் வேற ஆரை ஏசுறது பிள்ளை?" என்று சிரித்திருக்கிறார். அப்போது அவளுக்கு ஆறு வயது இருக்கும்.

அம்மா எழுந்தாள். யாரையும் பிடிக்காமல் நடந்தாள். தட்டிலிருந்து தானே அரிசியை அள்ளினாள். பெட்டிக்குள் பார்த்தாள்.

கண்ணாடி இல்லாத முகம். மூக்கின் இரண்டு பக்கமும் அதன் தடம். இமையில் கொட்டியிருந்த திருநீற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அரிசியை வாயில் இட்டாள்.

"ஒரு படிவம்," என்றாள் அவரிடம். "ஒரேயொரு படிவம். அதைக் கொண்டுபோய்ப் போடத் தெரியாத மனுசன்."

சொல்லி முடிக்க முன்னமே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. வரதராஜன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பெட்டி மூடியபோது பன்னிரண்டு ஆகிவிட்டது. தலைமாட்டை முவான்சாதான் தூக்கினார். "எலி மட்டும் திண்டவனுக்கு என்ன இந்தப் பாரம்! தூக்க ஆளில்லாமல் என்னை ஹாமில்டனிலிருந்து கூப்பிட்டியோ, கள்ளா!" என்று படியிறங்கும்வரை ஏசிக்கொண்டே போனார். வெளியில் மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டியைக் காருக்குள் தள்ளிப் பின்கதவைச் சாத்தினார்கள்.

முவான்சா கதவின் முன் நின்றார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா சோபனாவின் கையைப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஏசச் சொல்லு பிள்ளை," என்றாள்.