மாம்பழப் புகை

செத்தவீட்டில் நீட்டுகிற சிகரெட்டை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நீட்டுகிறவனே நீயாக இருந்தால் யாரிடம் போய் வேண்டாம் என்பது? ஜெகதீஸ்வரனின் கையில் அந்தத் தட்டத்தைக் கொடுத்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

சுவிஸில் துன் ஏரிக்கரையில் இருக்கிற ஒரு ஹோட்டல் குசினியில் அவரோடு வருடக்கணக்காகப் பாத்திரம் கழுவியவர் பாலச்சந்திரன். நெஞ்சு நோகுது என்று கதிரையில் இருந்தவர் பிறகு எழும்பவே இல்லை. உடல் ஆஸ்பத்திரியில் இருக்க, சனம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பெண்கள் உள்ளே. ஆண்கள் வழக்கம்போலக் கீழே, சைக்கிள் விடுகிற இடத்தில். ஊரென்ன, சுவிஸென்ன, செத்தவீடு என்றால் ஒரு தட்டம் சுற்ற வேண்டும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நடுவில் ஒரு கிளாஸில் நிறுத்தி வைத்த சிகரெட்டுகள். வந்தவனுக்கு அதை நீட்டாவிட்டால், ஆட்களை மதிக்கத் தெரியாத வீடு என்று ஒரு கதை வந்துவிடும்.

"அண்ணை, நீங்கள்தானே அவருக்குக் கிட்ட. இதை ஒருக்காப் பாருங்கோ" என்று செத்தவரின் தம்பி ராசா தட்டத்தைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் போனான். அண்ணை பார்த்தார். பின்னேரம் முழுக்கப் பார்த்தார். வந்தவர்கள் எல்லாம் எடுத்தார்கள், பற்ற வைத்தார்கள், "நல்ல மனுசன்" என்றார்கள். இருட்டுப்படத் தொடங்கியபோது கிளாஸில் மிஞ்சியிருந்த ஒன்று அவருடைய வாயில் இருந்தது. எப்போது வைத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அட, ஒரு சிகரெட்தானே என்று நீங்கள் சொல்லலாம். விஷயம் அப்படியில்லை. அவர் மனைவி மனோகரிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் போனால் மத்தியானம் பிழிந்த துணிபோல வீட்டுக்கு வருவாள். தண்ணீர் கூட அளந்துதான் குடிக்க வேண்டும். தாகம் தாங்காத நேரத்தில் ஒரு ஐஸ்கட்டியை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பாள். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் வரிசையோ வருடக்கணக்கில் நீளம். தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றார் ஜெகதீஸ்வரன். இரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது. பேர்ணில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள்: புகைக்கிற ஆளை நாங்கள் வெட்ட மாட்டோம்.

விட்டார். நிக்கொட்டின் பிளாஸ்டர் ஒட்டி, சுவிங்கம் சப்பி, வீட்டில் எல்லாரோடும் எரிந்து விழுந்து, எப்படியோ விட்டார். பிறகு பிளாஸ்டரையும் விட்டார். கார்த்திகையில் ஒப்பரேஷன் என்று நாளும் வைத்தார்கள். ஆவணியில் பாலச்சந்திரன் செத்தார்.

அதற்குப் பிறகு வழுக்கல்தான். குசினியில் ஒரு பழக்கம் உண்டு. சிகரெட் பற்றுகிறவன் "பௌசே", இடைவேளை, என்று சொல்லிவிட்டுப் பின்கதவால் போகலாம்; குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த பெட்டியில் குந்தியிருக்கலாம். பற்றாதவன் நின்றபடி கழுவ வேண்டியதுதான். சும்மா இருக்கப் போகிறேன் என்று எவனாவது கேட்க முடியுமா? சிகரெட்டை விட்ட மாதங்களில் ஜெகதீஸ்வரனுக்குப் புகையைவிட அந்தப் பெட்டியில்தான் ஆசை அதிகம். முழங்கால் நோவு அப்படி. இப்போது பெட்டியும் திரும்பக் கிடைத்தது, சிகரெட்டும் திரும்பக் கிடைத்தது.

மகள் தனுஷியா ஒருநாள் ஏரிக்கரைப் பக்கம் வந்தவள், அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று பின்கதவுக்கு வந்தாள். பெட்டியில் இருந்தவரைக் கண்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லைப் பிள்ளை."

"எவ்வளவு நாளா?"

"செத்தவீட்டிலையிருந்து."

அடுத்த கிழமை ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். உள்ளே பேனை மாதிரி ஒரு சாமான், மின்சிகரெட், கூடவே குப்பிகள். நிக்கொட்டின் கலந்த குப்பியை அந்த நேரம் சுவிஸ் கடைகளில் விற்க விடமாட்டார்கள். ஜேர்மனியிலிருந்து சொந்தப் பாவனைக்கு எடுப்பிக்கலாம். தெரிந்த பிள்ளை ஒருத்தியின் மூலம் எடுப்பித்திருந்தாள்.

"இதிலை நெருப்பு இல்லை அப்பா. ஆவிதான். கூடின குப்பியிலை தொடங்கி, குறைஞ்சதுக்குப் போய், கடைசியிலை ஒண்டும் இல்லாததுக்குப் போகலாம். ஆனா ஆஸ்பத்திரியிலை சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ. கட்டாயம் சொல்லோணும்."

"ஓமோம்."

"சும்மா ஓம் எண்டாதேங்கோ."

"ஓம் எண்டுறனே!"

குப்பிகள் எல்லாம் மாம்பழ வாசம். அந்தப் பிள்ளையிடம் அதுதான் இருந்ததாம். முதல் இழுப்பில் ஜெகதீஸ்வரனுக்கு இருமி இருமிக் கண்ணீர் வந்தது. இனிப்பு முட்டாயை நெருப்பில் போட்டது மாதிரி இருந்தது. ஆனால் சிகரெட் ஆசை அடங்கியது. நாட்கள் போகப் போக, அந்தச் சாமானே போதும் என்று ஆயிற்று. குசினியில் மட்டும் ஒரு கரைச்சல். தலைமைச் சமையல்காரன் அவருடைய கையைப் பார்த்துவிட்டு, "இது புகை இல்லையே, பிறகு உனக்கென்ன பௌசே?" என்று சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். குந்தியிருக்கிற பெட்டி போயிற்று. நின்றபடி கழுவினார். வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று நாலு இழுப்பு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் பல்கனிதான். மனோகரி படுத்த பிறகு போவார், கதவைச் சாத்திக்கொள்வார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்காததற்கு ஏன் சொல்ல வேண்டும்?

இந்த இடத்தில் அந்த மனுசனின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதியாக வந்து இறங்கியவர். விசாரணைக்குப் போகுமுன் முகாமில் இருந்த பழைய ஆட்கள் எல்லாருக்கும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதினார்கள்: கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு, கூட ஒரு சொல்லும் சொல்லாதே, கூடச் சொன்னவனைத்தான் திருப்பி அனுப்புகிறான். அவர் அப்படியே செய்தார். விசா கிடைத்தது. அதற்குப் பிறகு நகரசபையில், பள்ளிக்கூடத்தில், பல் டொக்டரிடம், மேசைக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாலும் அவருக்கு அந்த விசாரணை அறைதான். எத்தனையோ பேர் அப்படித்தான் இந்த நாட்டில் கிழவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள், யாரைக் குறை சொல்ல?

ஆஸ்பத்திரித் தாதி ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, எப்படி இருக்கிறீர்கள், புகைக்கிறீர்களா என்று கேட்டாள். "நைன்", இல்லை, என்றார். பொய்யில்லை. புகை ஏது, ஆவிதானே. அவள் "சுப்பர்" என்றாள். அவருக்கு ஒரு பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஹோட்டலில் பெரிய கலியாணம். காலையில் போனவர் பின்னேரமும் நின்றார். தட்டு வந்துகொண்டே இருந்தது. பற்றரி மத்தியானமே செத்துவிட்டது. சாமான் பொக்கெற்றில் சும்மா கிடந்தது. கழுவி முடித்துக் கையைத் துடைத்தபோது விரல்கள் ஊதி வெளிறிப்போயிருந்தன. பின்கதவில் நின்ற ஒரு போர்த்துக்கல்காரன் பாவம் பார்த்து ஒரு சிகரெட்டை நீட்டினான். பெட்டியையும் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டான். ஜெகதீஸ்வரன் அதில் இருந்தார். முழுவதையும் பற்றினார். ருசியாக இருந்தது, அதுதான் கேடு. பிறகு குழாயடியில் வாயைக் கொப்பளித்தார், இரண்டு முறை கொப்பளித்தார், தன்னையே திட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

அடுத்த கிழமை கடைசிப் பரிசோதனை. இருவரும் ரயிலில் பேர்ணுக்குப் போனார்கள். இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் கேட்டார்கள். பிறகு தாதி தன் அறைக்குக் கூப்பிட்டாள். நல்ல பெண், மெதுவாக ஜேர்மன் கதைப்பாள். "நாங்கள் தனியாகக் கதைப்போமா, மனைவியும் இருக்கலாமா?" என்று அவரிடம் கேட்டாள். "இருக்கட்டும்" என்றார். மறைக்க என்ன இருக்கிறது என்கிற எண்ணம்.

"சிறுநீரில் நிக்கொட்டின் இருக்கிறது. புகைக்கிறீர்களா?"

"நைன்."

"கொஞ்சமாவது?"

"நைன்."

தாதி கணினியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கோபப்படவில்லை. "இப்படி வந்தால் நாங்கள் ஒப்பரேஷனை நிறுத்த வேண்டி வரும். எங்களுக்கு எது உண்மை என்று தெரியாவிட்டால் உங்களை மேசையில் போட முடியாது, உங்கள் உயிருக்கே ஆபத்து" என்றாள்.

ஜெகதீஸ்வரன் கையிரண்டையும் துடையில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். முப்பது வயதில் விசாரணை அறையில் இருந்த அதே இருப்பு. உள்ளே எல்லாம் இடிந்து விழுந்துகொண்டிருந்தது.

அப்போது மனோகரி கதைத்தாள். அவளுடைய ஜேர்மன் அவருடையதைவிட மோசம். "என் புருசன் ஆவி குடிக்கிறார்" என்றாள். கையால் வாய்க்குப் பக்கத்தில் பேனை பிடித்துக் காட்டினாள். "மின்சாரம். ஒவ்வொரு ராவும். பல்கனி. மாம்பழம்."

தாதிக்கு விளங்கியது. அவளுடைய தோள் இறங்கியது. "ஏன் முதலே சொல்லவில்லை?" என்றாள். "சொல்லியிருந்தால் எப்படிக் குறைப்பது என்று நாங்களே பார்த்திருப்போமே. இதற்காக யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள்." டொக்டரோடு கதைக்க வேண்டும், நாள் சில கிழமை தள்ளிப் போகலாம், போகாமலும் விடலாம், வெளியே இருங்கள் கூப்பிடுகிறேன் என்றாள்.

வெளியே நீளமான நடை, சுவரோரம் கதிரைகள். மனோகரி மெதுவாக இருந்தாள். கால் வீங்கியிருந்தது, சப்பாத்தின் வாரைத் தளர்த்திவிட்டாள்.

"உமக்கு எப்ப தெரியும்?" என்றார்.

"முதல் நாளே தெரியும். மாம்பழம் திண்டு எத்தினை வருசம். பொட்டாசியம் எண்டு ஒரு துண்டுக்கும் விடுறாங்கள் இல்லை. இஞ்சை பாத்தா, மனுசன் பல்கனியிலை நிண்டு மாம்பழத்தைப் புகையா விடுறார். யன்னலைத் திறந்துவைச்சு மணந்துகொண்டு படுத்திருந்தனான்."

அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. "பிறகேன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டா ஓம், இல்லை எண்டு ரெண்டு சொல் சொல்லுவியள். அதை வைச்சு நான் என்ன செய்யிறது?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நான் பயந்துபோனன் இஞ்சாருங்கோ. மெஷின் எனக்குப் பழகிப்போச்சு. நீங்கள் அந்த மேசையிலை கிடந்து எழும்பாட்டி? உங்கடை கிட்னியை உள்ளுக்கை வைச்சுக்கொண்டு நான் தனிய ஆரோடை இருக்கிறது? அவள் புகைக்கிறியளோ எண்டு கேக்க, நைன் நைன் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறியள். உங்களைக் கொல்லக் குடுக்கச் சொல்லியே என்னைப் பக்கத்திலை இருத்தினனீங்கள்?"

எதிரில் யாரோ ஒரு வயதானவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். தப்பிவிட்டோம் என்றுதான் ஜெகதீஸ்வரனின் மனம் முதலில் சொன்னது. ஆவி என்று எழுதிக்கொள்வார்கள், இரண்டு மூன்று கிழமை தள்ளும், அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. களைத்தும் போனார். இருபத்தைந்து வருடமாக மேசைகளுக்கு முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு இருந்த களைப்பு எல்லாம் ஒன்றாக வந்து தோளில் ஏறியது.

"மனோ."

"ம்."

"ஆவி மட்டும் இல்லை. போன வெள்ளி ஒரு சிகரெட்டும் பத்தினனான். முழுக்க. செத்தவீட்டுக்குப் பிறகும் கொஞ்ச நாள் பத்தினனான்."

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் மட்டும் நிறைந்தது. தண்ணீர் அளந்து குடிக்கிற உடம்பில் அதற்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ.

"இதைச் சொன்னா நாள் கனக்கத் தள்ளும்" என்றார். "நீர் இன்னும் எவ்வளவு காலம் அந்த மெஷினிலை... எனக்கு உம்மைப் பாக்க ஏலாமல் இருக்கு. அதாலைதான்."

"தெரியும்."

"சொல்லவோ விடவோ?"

மனோகரி சப்பாத்து வாரை இழுத்து இறுக்கினாள். கதிரைப் பிடியில் கையை ஊன்றி எழும்பப் பார்த்தாள், ஒருமுறை சறுக்கினாள், மறுமுறை எழும்பினாள். அவரும் எழும்பினார். தாதியின் கதவு சாத்தியிருந்தது. அவர்களை இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

"தட்டுங்கோ" என்றாள்.