மொத்தமாக வந்தது கை

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. வாக்கியம் என்னுடையதல்ல. குடும்ப நீதிமன்றத்தின் நடைவழியில் வேறொரு வழக்குக்காகக் காத்திருந்தபோது, பின் பெஞ்சில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. திரும்புவதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நான் பார்த்தது ஒரு முதுகையும், பேன்ட் பைக்குள் செருகியிருந்த வலது கையையும்தான்.

அந்த வாக்கியம் நான்காம் பகுதியில் வரும். மற்றதெல்லாம் அதைச் சுற்றி நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: “விபத்துக்குப் பிறகு வேலை அவரைக் கைவிட்டது.” அடித்துவிட்டேன். கை செயலிழந்தவரைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லா?

இரண்டாவது: “லிஃப்ட் பழுதுபார்ப்பதில் அவர் கைதேர்ந்த…”

மூன்றாவது: “வழக்கு அவர் கைமீறிப்…”

(தமிழில் கையில்லாமல் கடன் வாங்க முடியாது, கையெழுத்துப் போட முடியாது, கைச்செலவு செய்ய முடியாது. தோற்றுப்போனால்கூடக் கையைத்தான் விரிக்க வேண்டும்.)

ஆகவே வெறுமனே சொல்கிறேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். அக்கம்பக்கத்தில் ‘லிஃப்ட்காரர்’. ஓடும் லிஃப்டின் சுவரில் உள்ளங்கையை வைத்து, எந்தக் கப்பி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒருநாள், நிறுத்தியிருப்பதாக நினைத்த இயந்திரம் ஓடியது. வலது கை கம்பிவடத்துக்கும் கப்பிக்கும் நடுவே போனது. விரல்கள் தப்பின, ஆனால் மடங்குவதில்லை. வேலை போயிற்று.

அவரிடம் தனியார் காப்பீடு ஒன்று இருந்தது. ஊனத்துக்காக ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்தது. இனி வேலைக்குப் போக முடியாது என்பதால் மாதாமாதமும் ஒரு தொகை கொடுத்துவந்தது.

அவருக்கும் மனைவிக்கும் விவாகரத்து அதற்கு முன்பே ஆகியிருந்தது. மனைவியாக இருந்தவர் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். வலிக்காமல் குத்துவதால் வருகிறவர்களுக்கெல்லாம் ‘ஊசியக்கா’. மகள் பாப்பா அவரிடம். சம்பளத்தில் இத்தனை பங்கு பாப்பாவுக்கு என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. இப்போது சம்பளமே இல்லை. காப்பீட்டுப் பணம் வருமானமா, இல்லையா? வழக்கு அவ்வளவுதான். இல்லை என்றால், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வாடகை வீட்டை ஊசியக்கா காலிசெய்ய வேண்டும். ஊரின் மறுகோடியில் அவருடைய அக்கா வீடு. பாப்பாவுக்கு வேறு பள்ளிக்கூடம்.

3

லிஃப்ட்காரரின் வக்கீல் அவரைவிட இளையவர், சுறுசுறுப்பானவர். “அண்ணே, சம்பளம்னா உழைச்சு வாங்கறது. இது நீங்க பிரீமியம் கட்டி வாங்கின பொருள். ஒரு டிவி வாங்கற மாதிரி. டிவியை யாராவது வருமானம்னு சொல்லுவாங்களா?”

லிஃப்ட்காரர் சரி என்றார்.

(முதல் பிரதியில் இந்த இடத்திலேயே மறுத்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. முன்பின் தெரியாத மாதங்கள் எதிரே கிடக்கும்போது யாராக இருந்தாலும் முதலில் சரி என்றுதான் சொல்வார்கள். இதற்காக அவர் மீது எனக்கு மதிப்புக் குறையவில்லை. அடுத்ததற்காகக் கூடியிருக்கிறது.)

4

நடைவழி. சுவரோரம் பெஞ்சுகள், மூலையில் தண்ணீர் கேன், அதன்மேல் கவிழ்த்த ஒரே டம்ளர். வக்கீல் பாலிசியைக் கேட்டார். லிஃப்ட்காரர் இடது கையால் உறையிலிருந்து உருவிக் கொடுத்தார். முதல் பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் இருந்தது: வருமானப் பாதுகாப்புத் திட்டம்.

வக்கீல் முதல் சொல்லின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டார். “பேருதானே அண்ணே. கம்பெனிக்காரன் வெச்ச பேரு.”

லிஃப்ட்காரர் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா வயிற்றில் இருந்தபோது இதை வாங்கச் சொல்லி மல்லுக்கு நின்றது ஊசியக்காதான். அந்த லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறீர்களே, நாளைக்கு ஒன்று என்றால் பிறக்கப்போகிற பிள்ளை எதைச் சாப்பிடும் என்று கேட்டார். சண்டை ஓய்ந்தால் போதும் என்று இவர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரீமியத்துக்கும் முணுமுணுத்தார். மனைவியோடு வாழ்வது நின்றது. ஏனோ பிரீமியம் கட்டுவது நிற்கவில்லை.

“விரல எடுங்க தம்பி,” என்றார்.

பிறகு நான் கேட்ட வாக்கியம்:

“மாசாமாசம் வர்றது சம்பளம். மொத்தமா வந்ததுதான் கை.”

இது வருமானமா என்ற கேள்விக்குச் சட்டம் இடத்துக்கு இடம் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லும். நான் வியப்பது அதையல்ல. கோடு போடும் வேலை தன்னிடம் வந்தபோது, தனக்கு நஷ்டமாகும் இடத்தில் இந்த மனிதர் அதைப் போட்டார். கையை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார்.

“ஜட்ஜ் கேட்டாலும் இதையேதான் சொல்லுவீங்களா?”

“வேற என்ன தெரியும் எனக்கு? சம்பளத்துல பாப்பாவுக்குப் பங்கு இருக்கு. அது எந்த வாசல் வழியா வந்தா என்ன?”

5

ஒரு சந்தேகம். அவரை இவ்வளவு உயர்த்திவிட்டு, ஊசியக்காவைப் பணம் கேட்டு வந்தவராக எதிர்ப் பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருப்பது நியாயமா?

ஊசியக்காவின் வக்கீல் இரண்டிலும் பங்கு கேட்டிருந்தார், மாதத் தொகையிலும் மொத்தத் தொகையிலும். ஊசியக்கா எழுந்து வந்தார். நாள் முழுக்க மற்றவர்கள் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறவர். பைக்குள் கிடந்த கை முதலிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

“வெளிய எடுங்க.”

எடுத்தார். ஊசியக்கா ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார்.

“பயிற்சி பண்றீங்களா?”

“பண்றேன்.”

“பொய். உங்களுக்கு அதுவும் வராது.”

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசியக்கா சிரிக்கவில்லை. திரும்பிப்போய்த் தன் வக்கீலிடம், மாதாமாதம் வருவதில் மட்டும் கேளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள் என்றார். இப்போது விட்டால் பிறகு கேட்க முடியாது என்று வக்கீல் எச்சரித்தார்.

“கையை எப்படிங்க பங்கு போடறது?”

(லிஃப்ட்காரர் சொன்னது ஊசியக்காவின் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இது பேரமாகிவிடும். நடைவழியின் நீளத்தை நான் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.)

6

முடிவு ஒன்று: நீதிபதி மாதத் தொகையை வருமானமாக எடுத்துக்கொள்கிறார். பாப்பா அதே பள்ளிக்கூடம் போகிறாள். சுபம். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: சொந்தப் பிரீமியத்தில் வாங்கிய காப்பீடு வருமானமாகாது என்கிறார் நீதிபதி. லிஃப்ட்காரர் தீர்ப்பையும் மீறி மாதாமாதம்… வேண்டாம். தானமாகக் கொடுப்பதும் பங்காகக் கொடுப்பதும் ஒன்றல்ல. அவர் கேட்டது பங்கு என்ற பெயரை.

மூன்றாவது, நடந்த அளவுக்கு: பெயரைக் கூப்பிடுகிறார்கள். இருவரும் எழுகிறார்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்கிற கதவு. லிஃப்ட்காரர் மடங்காத அந்தக் கையின் புறத்தால் அதைத் தள்ளிப் பிடிக்கிறார், ஊசியக்கா முன்னால் போகிறார். நீதிபதி காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்கிறார்: “உங்க வருமானம் என்ன?”

அவர் சொல்லப்போவது எனக்குத் தெரியும்; உங்களுக்கும் தெரியும். நீதிபதி என்ன எழுதுவார் என்பது எனக்குத் தெரியாது. அதை உங்கள் கையில் விட்டுவிடுகிறேன்.

இந்த ஒரு வரியை மட்டும் அடிக்கவில்லை.