பச்சைச் சீட்டு

காலையிலிருந்து மூன்று டைல்ஸைக் கோணலாக ஒட்டிப் பெயர்த்தாயிற்று. பதினாறு வருஷத்தில் கை இப்படிச் சொன்ன பேச்சுக் கேட்காமல் போனதில்லை. மேஸ்திரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னக்கா, தரை ஓடுதா, நீ ஓடறியா?"

"ஒரு மணி நேரம் விடுங்க மேஸ்திரி. பள்ளிக்கூடம் போய்ட்டு வந்துடறேன்."

"பொண்ணு ஏதும் வம்பு பண்ணிட்டாளா?"

"அவ பண்ணல. பள்ளிக்கூடம்தான் பண்ணியிருக்கு."

நேற்றுச் சாயங்காலம் மகள் கழுத்தில் ஒரு பச்சைச் சீட்டோடு வந்தாள். பிள்ளைக்குப் பிள்ளை மூளை வேறு மாதிரியாம், பாடமும் அதற்கேற்ற மாதிரியாம். நீலம் படித்துக் கற்கிறவர்களுக்கு, பச்சை கையால் செய்து கற்கிறவர்களுக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. டைல்ஸ்காரி பையைப் பிரித்து அடிவரை துழாவினாள். வாராவாரம் வரும் நூலகப் புத்தகத்தைக் காணோம்.

"அது நீலத்துக்கு மட்டும்தாம்மா. எங்களுக்குக் களிமண்ணு," என்றாள் மகள், ஒன்றுமே நடக்காதது போல.

டைல்ஸ்காரி எழுத்துக் கூட்டியதே முப்பத்தைந்து வயதில், டைல்ஸ் பெட்டிகளின் மேல் விரலை ஓட்டி ஓட்டித்தான். அதுவரை கைதான் எல்லாம். கெட்டிக்காரக் கை என்று சொல்லிச் சொல்லியே எல்லோரும் அவள் தலையில் வேலையைக் கட்டினார்கள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் பொறுமையாக ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"நாங்களா முடிவு பண்ணலம்மா. நீங்க நிரப்பிக் குடுத்தத வச்சுத்தான்."

டைல்ஸ்காரியின் கையெழுத்துதான். யாரையும் கேட்காமல், இரண்டு நாள் உட்கார்ந்து, தானே நிரப்பிய முதல் தாள். 'ஓய்வு நேரத்தில் உங்கள் குழந்தை என்ன செய்யும்?' புத்தகம் படிக்கும் என்று ஒரு கட்டம், கைவேலை செய்யும் என்று ஒரு கட்டம். படிக்கும் என்று போட்டால், வீட்டில் ஒரு துரும்பையும் நகர்த்தாத பெண் என்று நினைத்துவிடுவார்களே என்று பயந்தது இப்போது நினைவுக்கு வந்தது. கேள்விக்குக் கேள்வி கைக்கே குறி போட்டிருந்தாள்.

"பொண்ணு பொறுப்பானவளான்னு கேக்கறீங்கன்னு நெனச்சேன் மிஸ்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. "ஆனா அவ சந்தோஷமாத்தான் இருக்கா. அங்க பாருங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மகள் முட்டி போட்டுத் தரையில் காகிதச் சதுரங்களை அடுக்கிப் பரப்பளவு கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கண்ணை மூடி வரிசை பார்த்தாள். விலகிய ஒரு மூலையை முஷ்டியால் மெல்லத் தட்டினாள். யாரும் சொல்லிக்கொடுக்காத தட்டு. டைல்ஸ்காரிக்குப் பூரிப்பாகவும் இருந்தது, திக்கென்றும் இருந்தது.

"இதுவும் இருக்கட்டும் மிஸ். புத்தகமும் குடுங்க."

"ஒரு பிள்ளைக்கு ஒரு சீட்டுதாம்மா." டீச்சர் புதுத் தாள் ஒன்றை நீட்டினாள். "வேணும்னா திருப்பி நிரப்புங்க. நீலம் வந்தா பச்சை போயிடும்."

டைல்ஸ்காரி பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தாள். மடியில் போன் அதிர்ந்தது. மேஸ்திரி. பேனா கட்டங்களின் மேல் போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில், 'வேறு ஏதேனும்' என்று ஒரே ஒரு புள்ளிக் கோடு. போன தடவை ஒரு முழு வரி எழுதத் தைரியமில்லாமல் விட்ட இடம்.

எழுத ஆரம்பித்தாள். எழுத்துக்கு எழுத்து ஒரே அளவு இடைவெளி விட்டு: 'பாத்திரம் கழுவும்போது புத்தகத்தைக் குழாயில் சாய்த்து வைத்து'.

கோடு முடிந்துவிட்டது. போன் மறுபடி அதிர்ந்தது. அவள் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்து வெள்ளையில் மேல்நோக்கி ஏறத் தொடங்கினாள்.