ஜன்னல் சட்டத்தில் ஒரு குளவி

மாசி மாதத்துக் காலையில் எங்கள் தோட்டத்துக்குள் போனால் பாதித் தூக்கத்தில் நடக்கிற மாதிரிதான் இருக்கும். பனி இன்னும் விலகியிருக்காது. முருங்கைப் பூ உதிர்ந்து தரையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். எங்கிருந்து என்று தெரியாமல் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். என் மனைவி அருணா அந்த நேரத்தில் செல்போனும் கையுமாக ஒவ்வொரு செடியாக நின்று பூச்சி பார்ப்பாள். அவள் புதுக்கோட்டையில் விலங்கியல் டீச்சர். நான் திருவரங்குளத்தைச் சுற்றி வீடு கட்டிக் கொடுக்கிற மேஸ்திரி. அவள் காட்டினால்தான் எனக்கு எதுவும் கண்ணில் படும்.

"அங்கிட்டுப் பாருங்க, முருங்கைப் பூவுல கருவண்டு. அது உக்காந்ததும் கொத்தே சாயுது."

"எங்க?"

"போச்சு, பறந்துருச்சு. நீங்க பாக்குற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்குமா?"

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். பிள்ளை இல்லை. திருச்சி, மதுரை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி அலுத்துவிட்டது. பொங்கல் முடிந்த மறுநாள் அருணா நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஒரு பிள்ளையத் தத்து எடுப்போம். ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் பதிய முடியும். பங்குனி பொறக்குறதுக்குள்ள சொல்லுங்க. வேண்டாம்னாலும் சொல்லிருங்க, நான் மனசத் தேத்திக்கிறேன்."

யாரோ பெற்ற பிள்ளை. என் கை அதைத் தன் பிள்ளை என்று தூக்குமா? எனக்கு அந்தப் பயம்தான். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று நழுவிக்கொண்டே திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் குளவி வந்தது. தோட்டத்தைப் பார்த்த ஜன்னலின் மரச்சட்டத்தில், வீட்டுக்குள் இருக்கும் பக்கமாக, மிளகளவு ஈரமண்ணை உருட்டி வந்து அப்பியது. போகும், வரும், அப்பும். சாரம் வேண்டாம், மட்டப்பலகை வேண்டாம், அரை மணிக்கு ஒரு டீயும் வேண்டாம். என் ஆட்களில் ஒருத்தனுக்கும் இந்தப் பூச்சு வராது.

பக்கத்து வீட்டு அமராவதி அக்கா உறைமோர் கேட்டு வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"கோபி தம்பி, குளவில்ல வீட்டுக்குள்ள கூடு கட்டுது! இனி இந்த வீட்டுல பிள்ளைச் சத்தம் கேக்கும் பாருங்க. யாரும் அதைத் தட்டி விட்றாதீங்க."

எங்கள் பக்கம் இது எல்லோரும் நம்புகிற சங்கதி. அருணா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நமக்கே ஒன்று பிறந்துவிட்டால் அவளுக்குப் பதில் சொல்லவே வேண்டாம் அல்லவா? கொசு பிடுங்கினாலும் பரவாயில்லை என்று ராத்திரி பகலாக ஜன்னலைத் திறந்து போட்டேன்.

பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கனவு போலத்தான் இருக்கிறது. வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். வெளியே கொத்தமல்லிப் பூவில் கொசுத்தேனீக்கள் மிதந்தன. எலுமிச்சையைச் சுற்றிக் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி அலைந்துகொண்டே இருந்தது. இத்தனையும் பதினோரு வருடமாக எங்கே இருந்தன என்று ஆச்சரியமாக இருந்தது. வெயில் ஏற ஏறக் கண் சொருகும். குளவியின் சத்தம் கேட்டதும் விழித்துக்கொள்வேன். ஒரு நாள் அது பச்சைப் புழு ஒன்றைத் தூக்கி வந்து கூட்டுக்குள் திணித்தது.

"மொதல்ல முட்டை வைக்கும். அப்புறம் பிள்ளைக்குச் சாப்பாடா புழு வைக்கும்" என்றாள் அருணா. "நெறஞ்சதும் வாயை மூடிட்டுப் போயிரும். அதோட சரி. பிள்ளை மூஞ்சியக்கூடப் பாக்காது."

கூட்டில் மூன்று அறைகளை மூடிவிட்டு, நான்காவதை மூடாமல் போன குளவி திரும்பி வரவில்லை. கரிச்சான் குருவி கொத்தியதோ, பக்கத்துக் கொல்லையில் மருந்தடித்தார்களோ, தெரியாது. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் சட்டத்தில் எறும்பு ஊர்ந்தது. பங்குனி பிறக்க நான்கு நாள்தான் இருந்தது.

செல்போன் லைட்டை அடித்து அந்த மூடாத அறைக்குள் பார்த்தேன். இரண்டு புழுக்கள் கிடந்தன. மேலே, மெல்லிய நூலில், அரிசி நொய்யை விடச் சிறிதாக ஒரு முட்டை தொங்கியது. எறும்பு அதை நோக்கித்தான் ஏறிக்கொண்டிருந்தது. சகுனம், பிள்ளைச் சத்தம் எதுவும் நினைவில் இல்லை. எறும்புகளை ஊதித் தள்ளிச் சட்டத்தைச் சுற்றி மஞ்சள்தூளைத் தூவினேன். குழாயடியிலிருந்து மண்ணைக் குழைத்து வந்து தீக்குச்சி முனையால் வாய் ஓரத்தில் வைத்தேன். இருபது வருடமாகப் பூச்சுக் கரணை பிடித்த கைக்கு அந்தத் தீக்குச்சி பிடிபடவில்லை.

"என்ன பண்றீங்க?" அருணா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"எறும்பு வந்துருச்சு. தாய் வரல."

"அதுக்கு?"

"அதுக்குன்னு? பெத்தவ வரலன்னா அப்படியே விட்ர முடியுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. அவள் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே என்னை மடக்கியிருக்கலாம். மடக்கவில்லை. பக்கத்தில் வந்து லைட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசித் துளி மண்ணையும் வைத்து அடைத்தேன். கோணல்மாணலான பூச்சு. என் ஆள் எவனாவது இப்படிப் பூசியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

"அருணா, இன்னிக்கே பதிஞ்சிருவமா?"

அவள் லைட்டை அணைத்தாள்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க" என்றாள். சொன்னவளே என் மண் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.