புருவச் சைகை

தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய சின்னாத்தாள், உள்ளங்காலைத் தரையில் அழுத்திப் பார்த்தாள். அதிர்வே இல்லை. இழவு வீட்டுக்காகக் கருமத்தம்பட்டியில் அந்த வீதித் தறி பூராவையும் நிறுத்தியிருந்தார்கள்.

அவளும் செத்துக் கிடக்கும் பாலுசாமியும் ஆயுசு பூரா விசைத்தறி ஓட்டியவர்கள். அந்தச் சத்தத்துக்குள் இடி விழுந்தால்கூட அனுமதி கேட்டுத்தான் விழ வேண்டும். பேச்செல்லாம் சைகைதான். மகள் அன்புச்செல்வியின் கல்யாணத்தையே புருவத்தால் பேசி முடித்த தம்பதி.

"லாரிக்காரன் ஆரன் அடிச்சுட்டேதான் வந்தானாமுங்க," என்றார் பக்கத்துத் தறிக்கார அரங்கசாமி.

"அப்பனுக்குக் காதெல்லாம் சுத்தமுங்க மாமா. போன மாசம் கேம்ப்புலயே பாஸ் பண்ணிப்போட்டாரு. இல்லீன்னா மொபட் சாவியக் குடுத்திருப்பனா?"

மகளின் உதட்டைப் படித்துவிட்டுச் சின்னாத்தாள் விளக்கைப் பார்த்தாள். அவளுக்கு உதடுதான் காது.

போன மாசம் கல்யாண மண்டபத்தில் நடந்த கேம்ப்பில், அறுபது தாண்டியவர்களுக்கெல்லாம் காது பரிசோதனை. "செவிடுன்னு எழுதிப்போட்டா பாப்பா சாவியப் புடுங்கிக்குவா. பாத்துக்க அம்மணி," என்று கண்ணடித்துவிட்டுத்தான் பாலுசாமி காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். நர்ஸுக்கு முதுகு காட்டி அவர். எதிர் பெஞ்சில் இவள். நர்ஸின் கட்டைவிரல் பொத்தானை அமுக்கும். இவள் புருவம் ஏறும். அவர் கை ஏறும்.

"எறும்பு தும்முனாக்கூடக் கேட்டுரும் போலிருக்குங்க தாத்தா," என்று அசந்துபோனாள் அந்தப் பெண்.

அடுத்து இவள் உட்கார்ந்தாள், பெஞ்சில் அவர். இவளும் பாஸ். இரண்டு பேரையும் உருக்கி வார்த்தாலும் ஒரு காது தேறாது. வழியெல்லாம் போண்டா தின்றுகொண்டே சிரித்தார்கள்.

சாயங்காலம் சவ வண்டி வந்தது. முட்டுச்சந்து; திருப்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. வீதிக்கு முதுகு காட்டிக் குனிந்து, வாசலோரம் கிடந்த அவர் செருப்பை எடுத்துக்கொண்டிருந்தாள் சின்னாத்தாள்.

நிமிர்ந்தாள். வீட்டுக்குள் இருந்த அத்தனை வாயும் திறந்திருந்தது. எல்லாம் ஒரேயடியாக அசைந்ததில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

உள்ளங்காலில் தரை அதிர்ந்தது.

பழக்கத்தில் அவள் கண் அவரைத் தேடிப் போனது. கண்ணாடிப் பெட்டிக்குள், நெற்றிக்காசுக்குக் கீழே, புருவம் அப்படியே இருந்தது.