மூன்றாவது லோகோ

“தம்பி, கையில என்ன வேலை இருந்தாலும் போட்டுட்டு வா. நீ எனக்குப் போட்டுக் கொடுத்த படத்தை எவனோ திருடிட்டான். திருடினதோட விட்டானா, வீடு தேடி வந்து என்னையே திருடிங்கிறான்.”

அக்கா போனில் இப்படிச் சொன்னதும், தம்பிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆகிவிட்டது. கத்தவும் வழியில்லை, கத்தாமல் தாங்கவும் முடியவில்லை. “வர்றேன்க்கா” என்று முனகினான். கம்ப்யூட்டரை அணைக்கக்கூட மறந்துவிட்டு டிசைன் ஸ்டூடியோவின் மாடிப்படியில் இறங்கினான். கீழே டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் பஸ் நிறுத்தம் வரை காதிலேயே இருந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனான். அக்காவுக்குப் போட்ட லோகோவில் கூரையின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றி, இதயத்துக்குப் பதிலாக ஒரு விளக்கை வைத்து, அதுவும் வீடு தேடி வந்தவன் படமும் வேறு வேறு என்று சொல்லிப் பார்க்கலாமா? ஸ்டூடியோக் கூட்டாளி மேல் பழியைப் போட்டுவிடலாமா? போனை அணைத்துவிட்டு இப்படியே கடைசி நிறுத்தம் வரை போய்விட்டால்தான் என்ன? வழியெல்லாம் இதே யோசனைதான். எந்த யோசனையிலும் அக்காவின் முகம் குறுக்கே வந்து நின்றது.

அக்கா பல வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். அத்தானுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால், பேச்சு மூன்றும் போன பிறகு அவளால் வார்டு வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டை விட்டு நகர முடியாதவள் வீட்டிலிருந்தே ஒரு தொழிலைக் கண்டுபிடித்தாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கேட்கிற வீடுகளுக்கு அனுப்புவது. ‘துணை’ என்று பெயர் வைத்தாள். இது ஓடினால்தான் அந்த வீடு ஓடும். பெயருக்கு ஒரு படம் வேண்டும், நாலு பேர் பார்க்க ஒரு வெப்சைட் வேண்டும் என்றபோது அவள் வேறு யாரிடம் போவாள்? தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று எவரோ தைரியமாகச் சொல்லிவைத்திருக்கிறார். சொன்னவருக்கு லோகோ வரைகிற தம்பி இருந்திருக்க மாட்டான்.

அவனை இந்த வேலைக்கு இழுத்துவிட்டதும் அக்காதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, அவளுடைய வார்டுக்காக உதட்டில் விரல் வைத்த ஒரு நர்ஸை வரைந்து, ‘சத்தம் போடாதீர்கள்’ என்று கீழே எழுதிக் கொடுத்தான். நர்ஸின் மூக்கு அப்படியே அக்காவின் மூக்கு. அவள் அதைச் சட்டம் போட்டு வார்டு வாசலில் மாட்டி, வருகிற டாக்டர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினாள். சத்தம் போடாதே என்ற பலகைக்கு முன்னால் அவள்தான் அதிகம் சத்தம் போட்டாள் என்று அத்தான் அப்போது கேலி செய்வார். பேச்சு இருந்த காலம்.

லோகோ வரைகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றே ஒன்றைக் காட்டினால் வாடிக்கையாளர் அதில் குறை கண்டுபிடிப்பார். மூன்றைக் காட்டினால் தேர்ந்தெடுப்பார். மூன்றையும் உயிரைக் கொடுத்து வரைய யாருக்கு நேரம் இருக்கிறது? இரண்டை ஒழுங்காக வரைந்துவிட்டு, மூன்றாவதாக உப்புச்சப்பில்லாத ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். வாடிக்கையாளர் அதைப் பார்த்து முகம் சுளித்து, ‘இது வேண்டாம்’ என்று நாட்டாமைத் தீர்ப்புச் சொல்லி, மனசு நிறைந்துபோய் மற்ற இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வார். தம்பியும் அவன் கூட்டாளியும் அந்த மூன்றாவதற்குப் பலிகடா என்று பெயர் வைத்திருந்தார்கள். கூட்டாளியின் கண்ணாடி கனத்தைப் பார்த்துக் கல்லூரியில் வைத்த பெயர் சோடாபுட்டி. இன்றைக்கும் அதுதான் பெயர்.

இவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வெட்டுப்படப் போகிற ஆடுதானே, ஒவ்வொரு தடவையும் புது ஆடு எதற்கு? ஒரே பலிகடாவை வைத்துக்கொண்டார்கள். ஒரு கூரை, கூரைக்கு அடியில் ஒரு இதயம். வீட்டு புரோக்கருக்கு அதைக் காட்டினார்கள். பெயிண்ட் கடைக்காரருக்குக் காட்டினார்கள். நாய்க்கு ஊசி போடும் டாக்டருக்கும் காட்டினார்கள். நிறமும் பெயரும் மாறும், கூரையும் இதயமும் அப்படியே இருக்கும். எல்லாருக்கும் பொருந்துகிற சட்டையை எவனும் விரும்பி வாங்க மாட்டான் என்பது சோடாபுட்டியின் சித்தாந்தம். பல வருஷமாக அது பொய்க்கவில்லை.

அக்காவுக்கும் மூன்று காட்டினான். ஏமாற்ற வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை, அது கைப்பழக்கம். முதல் இரண்டையும் நன்றாகத்தான் வரைந்திருந்தான். அவள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள், கடைசியில் மூன்றாவதில் விரலை வைத்தாள்.

“இதுதான்டா. மத்த ரெண்டும் ஊருக்குக் காட்டப் போட்டது. இதுல அலட்டலே இல்ல. இதை நீ எனக்காகப் போட்டிருக்கே” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்ல செலக்‌ஷன்க்கா” என்றது தம்பியின் வாய். வாடிக்கையாளர் எதைத் தொட்டாலும் அந்த வாய் அதைத்தான் சொல்லும்.

பிறகு பேசி மாற்றிவிடலாம் என்று நினைத்தான். அதற்குள் அவள் வெளிர்நீலக் கோட்டுகளை வாங்கி, அத்தானின் படுக்கை ஓரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டின் பையிலும் கூரையையும் இதயத்தையும் தன் கையால் தைத்துவிட்டாள். இதைக் கண்ட பிறகு அவனுக்கு நாக்கு எழவில்லை. குறைந்தபட்சம் சோடாபுட்டியிடமாவது, பலிகடாவை ஒருவர் எடுத்துவிட்டார், இனி அதை வெளியே காட்டாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் யார் எடுத்தது என்று கேட்பான். சொந்த அக்காவுக்கே காட்டினாயா என்று சிரிப்பான். அந்த வெட்கத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டான். எல்லாக் கேட்டுக்கும் அதுதான் காரணம்.

சில மாதங்களில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கம்பெனி, வீட்டுக்கே வந்து நோயாளிகளைக் கவனிக்கும் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. இவ்வளவு பெரிய வேலை அந்த ஸ்டூடியோ படியேறி வந்தது அதுவே முதல் தடவை. கம்பெனி ஆபீஸில் நீள மேஜையைச் சுற்றி ஏகப்பட்ட அதிகாரிகள். சோடாபுட்டி நின்று பேசினான், தம்பி மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்து படங்களை நகர்த்தினான். மூன்றாவதாகக் கூரையும் இதயமும் திரையில் வந்தபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். முதல் லோகோ ஒருவருக்குப் பிடித்தால் இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை யாருமே வெறுக்கவில்லை. அதனால் அதுவே ஜெயித்தது. வெளியே வந்து, “டேய், பலிகடா பொழச்சுக்கிச்சுடா” என்று சோடாபுட்டி விழுந்து விழுந்து சிரித்தான். அந்த நிமிஷமாவது சொல்லியிருக்கலாம். தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

இப்போது அந்தக் கம்பெனியின் வேன்கள் தெருத்தெருவாக ஓடுகின்றன. பஸ் சிக்னலில் நின்றபோது பக்கத்திலேயே ஒன்று வந்து நின்றது. அவன் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அக்காவின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஜன்னலோரக் கட்டிலில் அத்தான். சுவரோரமாக அக்காவிடம் வேலை பார்க்கும் நாலைந்து பெண்கள், வெளிர்நீலக் கோட்டோடு, போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கம்பெனி பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறீர்களா என்று காலையிலேயே வீடுகளிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் போனோடு, அந்தக் கம்பெனியின் மேனேஜர்.

“வாடா. இவர்கிட்ட நீயே சொல்லு” என்றாள் அக்கா. அவள் குரலில் பயமே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

“சார், நீங்களா? அன்னைக்கு மீட்டிங்ல லேப்டாப் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே.”

“என் தம்பியை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் அக்கா.

“தெரியுமாவா? எங்க லோகோவைப் போட்டதே இவங்கதான் மேடம்.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, கணக்குப் புரியாத குழந்தை வாத்தியாரைப் பார்க்கிற பார்வை.

“சரி சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும்” என்றார் மேனேஜர். “முதல்ல யாருக்குக் குடுத்தீங்க? எங்களுக்குன்னா, மேடம் இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துடணும். இவங்களுக்குன்னா, நாங்க எங்க வக்கீலை வெச்சு உங்க ஸ்டூடியோகிட்ட பேசிக்கிறோம்.”

‘உங்களுக்குத்தான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் ஸ்டூடியோ பிழைக்கும், சோடாபுட்டி பிழைப்பான். இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற எல்லாரும் திருடிகள் ஆவார்கள். ஆப்பில் வால் மாட்டிய குரங்குக்குக்கூட இவ்வளவு அவஸ்தை இருந்திருக்காது. கட்டிலிலிருந்து அத்தான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்காவுக்குத்தான் சார்” என்றான். “முதல்ல அவங்களுக்குத்தான் குடுத்தேன்.”

மேனேஜர் போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க எதையும் எடுக்க வேண்டாம்” என்று அக்காவிடம் சொன்னார். தம்பியிடம் ஒன்றும் சொல்லாமல் போனார். பெண்களுக்கு உயிர் வந்தது. “நாங்கதான் சொன்னோமே, தம்பி போட்டதுன்னு” என்று ஒருத்தி சிரித்தாள். அக்கா அவர்களைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள். கதவைச் சாத்தினாள்.

“எனக்குன்னு போட்டதை எதுக்குடா அவங்களுக்குக் குடுத்தே?”

இந்தக் கேள்வி வரும் என்று பஸ்ஸில் அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை. பேராசை என்று சொல்லிவிட்டு அவள் காலில் விழலாம். அவள் மன்னித்துவிடுவாள், அது நிச்சயம். ஆனால் கூரையும் இதயமும் தனக்காகவே பிறந்தவை என்று சாகும்வரை நம்பிக்கொண்டு, கோட்டு கோட்டாகத் தைத்துக்கொண்டிருப்பாள். அதை நினைத்தபோது அவனுக்குத் தாங்கவில்லை. மென்று முழுங்கி, மூன்று லோகோ வழக்கத்தையும், பலிகடாவையும், புரோக்கரையும், பெயிண்ட் கடையையும், நாய் டாக்டரையும் சொல்லி முடித்தான்.

வார்டில் நோயாளி சொல்வதைக் கேட்கிற மாதிரி அக்கா கடைசிவரை கேட்டாள்.

“எனக்கு ஏன்டா அதைக் காட்டினே?”

“பழக்கம்க்கா. எல்லாருக்கும் அப்படித்தான் காட்டுவோம்.”

“எல்லாருக்கும்” என்றாள் அவள். பிறகு, “நல்ல செலக்‌ஷன்னு சொன்னியே” என்றாள்.

அவன் அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. அலமாரியைத் திறந்து, உடுத்தாமல் மடித்து வைத்திருந்த கோட்டுகளை எடுத்து வந்து தரையில் போட்டாள். வார்டில் காயத்துத் தையல் பிரிக்க வைத்திருந்த சின்னக் கத்தரிகள் இரண்டு அவளிடம் இருந்தன. ஒன்றை அவனிடம் நீட்டினாள்.

“அக்கா, அதை எடுக்க வேண்டியதில்ல. அவர்தான் சொல்லிட்டாரே, உனக்கு உரிமை இருக்கு.”

“உக்காரு. துணி கிழியாம பிரி.”

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தார்கள். அவள் நெருக்கமாகத் தைத்திருந்தாள், நூல் லேசில் வரவில்லை. இதயத்தைப் பிரித்து முடித்தால் அதே இடத்தில் ஊசி போட்ட ஓட்டைகள் வரிசையாக நின்றன. நூல் இல்லாமலும் கூரை கூரையாகத்தான் தெரிந்தது. தம்பி நகத்தால் தேய்த்துப் பார்த்தான், போகவில்லை.

“வார்டுக்கு ஒரு நர்ஸ் படம் வரைஞ்சு குடுத்தியே” என்று அக்கா தலை நிமிராமல் கேட்டாள். “அப்போ எத்தனை போட்டே?”

“ஒண்ணுதான்க்கா.”

அவள் தலையை ஆட்டினாள். அடுத்த கோட்டை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“புதுசா ஒண்ணு போட்டுத் தர்றேன்க்கா” என்றான் அவன். “ஒண்ணே ஒண்ணு. எத்தனை நாள் ஆனாலும் உட்கார்ந்து போடுறேன்.”

“வேணாம்டா. போர்டு எழுதுற பெயிண்டர் இருக்காரே, அவர்கிட்ட பேரை மட்டும் எழுதச் சொல்லிக்கிறேன்.” அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, வெளியாளிடம் பேசுகிற மரியாதையோடு. “உனக்கு வேலை ஜாஸ்தி.”