செப்பா கடை வளைவு

செப்பா கடை வளைவில் பேய் நிற்கிறது என்று இங்கே ஜீப்னி என்கிற பயணிகள் வண்டி ஓட்டும் எங்கள் டிரைவர்கள் எல்லாரும் சொல்வார்கள். வெள்ளை உடுப்பில் ஒருத்தி, ஊன்றுகோலோடு ஒரு கிழவர், பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். நிற்காமல் என்ன செய்யும்? சாவுக்குப் போய்விட்டு நேராக வீட்டுக்குத் திரும்பினால் செத்தவரும் கூடவே வந்துவிடுவார் என்று, மேலூர்க் கல்லறையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு கூட்டமும் வழியில் ஓரிடத்தில் நின்றுவிட்டுத்தான் போகும். மலைப்பாதையில் நிற்பதற்கென்று இருப்பது செப்பாவின் கடை ஒன்றுதான். நாற்பது வருஷமாக ஊரே தன் செத்தவர்களை அங்கே இறக்கிவிட்டு, காப்பியும் குடித்துவிட்டுப் போகிறது. அப்புறம் அந்த ரோட்டைக் கண்டால் நடுக்கமாம்.

இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் மனைவி லிகாயா சாகும் வரை.

அவளுக்கு அந்த வளைவு என்றாலே உயிர் போகும். என் வண்டியில் வந்தால் அங்கே கண்ணை இறுக மூடிக்கொள்வாள். "இங்க மட்டும் நிறுத்திடாதய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்பாள்.

டெங்கு அவளை ஐந்தே நாளில் கொண்டுபோய்விட்டது. மேலூரில், அவள் அப்பா பக்கத்தில் புதைத்தோம். நீலப் பூப்போட்ட கவுனைப் போட்டுவிட்டிருந்தார்கள். எங்கள் எட்டு மாதக் குழந்தை எஸ்தெல் கீழே வீட்டில், என் தங்கை நேனாவின் மடியில், அதே காய்ச்சலோடு கிடந்தது.

பட்டப்பகலில், சொந்தக்காரர்கள் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினேன். கடை வந்தது. நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை.

"மச்சான், கடை தாண்டுது" என்றான் பக்கத்தில் இருந்த லிகாயாவின் அண்ணன் கார்டிங்.

"தாண்டட்டும். அவளுக்கு இங்க பயம்டா."

"அவ செத்துட்டா மச்சான். உன் புள்ள உயிரோட இருக்கு. வீட்டுக்கு வந்தா யாரைத் தேடுவா? குறட்டை விடுற உன்னையா? குழந்தையத்தான் தூக்குவா."

பின்னாலிருந்து ஓர் அத்தை கத்தினாள்: "உன் பொண்டாட்டிய எங்க வீட்லயெல்லாம் இறக்கிவிடப் போறியா? எங்களுக்கும் பேரப்புள்ளைங்க இருக்குடா, பாவி!"

நிறுத்தினேன். பின்னோக்கி எடுத்துக் கடை வாசலுக்கே கொண்டுவந்தேன். எல்லாரும் இறங்கி உடுப்பை உதறிக்கொண்டார்கள்.

"சக்கரை தூக்கலாப் போடவாப்பா? முகம் வெளுத்துக் கெடக்கு" என்றாள் செப்பா.

தலையாட்டினேன். ஆலமரத்தடியில் உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பிறகு திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன். என்மேல் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அன்று சாயங்காலமே எஸ்தெலுக்குக் காய்ச்சல் இறங்கியது. மருந்து வேலை செய்தது என்றார் டாக்டர். ஊரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஜீப்னி நிறுத்தத்தில் பொன்சோ என்னைத் தனியே அழைத்தான். அவனும் அதே தடத்தில்தான் ஓட்டுகிறான்.

"கோச்சுக்காதண்ணே. வளைவுல புதுசா ஒருத்தி நிக்கிறா. நீலப் பூப்போட்ட கவுனு."

"வண்டில ஏறணும்னு கை காட்றாளா?"

"இல்லண்ணே. ஜன்னல் கிட்ட வந்து, 'குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுதா'ன்னு கேக்குறா."

"நீ என்ன சொன்ன?"

"நான் எங்க நின்னேன்? பறந்துட்டேன்."

தினமும் ஆறு தடவை அந்த வளைவைத் தாண்டுகிறேன். ஒரு நிமிஷம் நிறுத்தி, "விட்டுடுச்சு லிகாயா" என்று சொன்னால் போதும். ஆனால் பிள்ளை பிழைத்துவிட்டது என்று தெரிந்தால், பார்க்காமல் எந்தத் தாய் இருப்பாள்? பார்த்தால் விட்டுவிட்டுப் போவாளா? நேனா வேலைக்கு மணிலா போய்விட்டதால், எஸ்தெல் என் பக்கத்து இருக்கையில் துணித் தொட்டிலில்தான் கிடக்கிறாள்.

அதனால் வளைவு வந்ததும், லிகாயா கேட்பது காதில் விழாதபடி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே தாண்டிவிடுகிறேன். குழந்தை பிழைத்தது அவளுக்கு இன்னும் தெரியாது.